வாலாட்டும் வகுப்பறை!

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களுக்கு முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போகும். கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில், தெரிந்தவர் வீட்டு விருந்து என்று பொழுது பறக்கும். மூன்றாவது வாரத்திலிருந்துதான் பகல் நீள ஆரம்பிக்கும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரன் பள்ளிக்கூடத்தில். கார் ஓட்டத் தெரியாது. வாசலில் நின்று பார்த்தால் தெருவில் ஈ, காக்கை கூட இருக்காது. அபூர்வமாக எதிரே வரும் ஒருவர் ‘ஹாய்’ என்று சிரித்துவிட்டுப் போவார். பதிலுக்கு ‘ஹாய்’ சொல்லிவிடலாம். அதற்கு அடுத்த வார்த்தை என்ன?

ஆங்கிலம் புரியும், பேச வராது. இதுதான் நம்மவர்கள் பலரின் நிலைமை. பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணமெல்லாம் உள்ளே இருக்கிறது. வாயைத் திறந்தால் ‘தப்பாகிவிடுமோ’ என்ற கூச்சம் வந்து அடைத்துக்கொள்கிறது. கல்யாணமாகிப் புதிதாக வந்திறங்கிய பெண்களுக்கும் இதே கதைதான்.

இந்தக் கூச்சத்தைப் போக்க அங்கே ஓர் இடம் இருக்கிறது. கட்டணம் இல்லை, பாடப் புத்தகம் இல்லை, ஆசிரியர்களுக்கோ நான்கு கால்! ‘டாக் பார்க்’ என்று அதற்குப் பெயர். நாய்களைக் கட்டவிழ்த்து ஓடவிடுவதற்காகவே வேலி போட்டு ஒதுக்கிய பூங்கா. சாலையிலும் சாதாரணப் பூங்காக்களிலும் நாயை ‘லீஷ்’ எனும் வார் இல்லாமல் விட அந்த ஊர்களில் அனுமதி கிடையாது. விட்டால் அபராதம். அதனால்தான் இப்படி ஒரு தனி இடம் தேவைப்பட்டது.

ரயிலுக்கு மேலே ஒரு பூங்கா

அமெரிக்காவின் முதல் டாக் பார்க் என்று பரவலாகச் சொல்லப்படுவது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் இருக்கும் ஓலோனி டாக் பார்க். தொடங்கிய ஆண்டு 1979. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வசிக்கும் சான் ஹோசே, மில்பிடாஸ், ஃப்ரீமான்ட் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மாறி ஏறும் தொல்லைகூட இல்லை. ‘பார்ட்’ ரயிலின் ஆரஞ்சுத் தடத்தில் ஏறி உட்கார்ந்தால் நார்த் பெர்க்லி நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து நீளவாக்கில் கிடக்கும் ஓலோனி பூங்காவை ஒட்டியே கால் மணி நேரம் நடந்தால் போதும்.

இந்தப் பூங்கா பிறந்த கதை சுவாரசியமானது. ரயில் பாதை ஊருக்குள் தரைக்கு மேலே வந்தால் ஊர் இரண்டாகிவிடும் என்று பெர்க்லி மக்கள் எதிர்த்தார்கள். ‘பூமிக்கு அடியில் கொண்டு போங்கள், கூடுதல் செலவை நாங்கள் வரியாகக் கட்டுகிறோம்’ என்று 1966-ல் வாக்களித்தார்கள். தோண்டுவதற்காக ஹெர்ஸ்ட் அவென்யூவை ஒட்டி வரிசையாக வீடுகள் இடிக்கப்பட்டன. 1969-ல் அந்த வெற்று நிலத்தில் இளைஞர்கள் புகுந்து செடி நட்டு, ‘இது மக்கள் பூங்கா’ என்றார்கள். பிறகு அது முறையான பூங்காவானது. அதன் ஒரு மூலையைத்தான் நாய்களுக்கு வேலி போட்டுக் கொடுத்தார்கள். இன்றும் நாய்கள் துள்ளி விளையாடுகிற மண்ணுக்கு அடியில் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. ஓலோனி என்பது இந்த மண்ணின் பூர்வகுடி மக்களைக் குறிக்கும் பெயர். இந்தப் பகுதியில் அவர்கள் பேசியது சோச்சென்யோ மொழி. அதைச் சரளமாகப் பேசிய கடைசித் தலைமுறை 1930களில் மறைந்தது. 1920களில் ஹாரிங்டன் என்ற மொழியியலாளர் அவர்களிடம் கேட்டு எழுதிவைத்த குறிப்புகளை வைத்துத்தான், இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்த மொழியைத் திரும்பவும் கற்றுப் பேசுகிறார்கள். ஜார்ஜ் ஹார்ட் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் இங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. புது மொழி பேச முதல் அடி எடுத்து வைக்க நல்ல ஊர்தான்.

முதல் பாடம்: வேலிக்கு வெளியே

‘நாயா? வேண்டாம்ப்பா!’ என்பதுதான் பெரும்பாலான அம்மாக்களின் முதல் பதில். அதில் கேலிக்கு ஒன்றும் இல்லை. தெருநாய் துரத்தியதும், கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும், ‘வெறிநாய்’ என்ற சொல்லைக் கேட்டாலே குலை நடுங்கியதும் நம்மூரில் நிஜம். ரேபிஸுக்கு இன்றும் நம் நாட்டில் உயிர்கள் போகின்றன. அமெரிக்காவில் நாய்க்கு நாய் பரவும் ரேபிஸ் வகை ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2007-ல் அறிவித்தார்கள். கலிஃபோர்னியாவில் நாய்க்குத் தடுப்பூசி போட்டு, நகராட்சியின் உரிம வில்லையைக் கழுத்தில் மாட்டுவது சட்டப்படி கட்டாயம். அதற்காகப் பயம் ஒரே நாளில் போய்விடாது. போக வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் வாரம் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தாலே போதும். நாய்கள் சண்டை போடுவதுபோல் தெரியும், பெரும்பாலும் அது விளையாட்டு. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கி நிற்கிறதா? ‘வா, விளையாடலாம்’ என்று கூப்பிடுகிறது என்று அர்த்தம். உடம்பு விறைத்து, வால் மேலே குத்திட்டு, கண் அசையாமல் நிற்கிறதா? அப்போது அதன் சொந்தக்காரர் ஓடி வருவார். நாய்களின் இந்த உடல்மொழியைப் படிக்கத் தொடங்கும்போதே பயத்தில் பாதி குறைந்துவிடும்.

காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். வேலிக்குள்ளிருந்து வருவது அத்தனையும் குட்டிக் குட்டி ஆங்கிலம். சிட் (உட்கார்), ஸ்டே (அங்கேயே இரு), கம் (வா), குட் பாய் (சமத்து). ஒரே சொல்லைப் பத்து முறை, தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொல்வார்கள். மொழி பழகுகிறவருக்கு இதைவிட நல்ல உச்சரிப்புப் பயிற்சி எங்கே கிடைக்கும்? ‘டிராப் இட்’ என்றும் ‘லீவ் இட்’ என்றும் மாற்றி மாற்றிக் கேட்கும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். கவனித்தால் புரிந்துவிடும். வாயில் கவ்விவிட்டதைக் கீழே போடச் சொன்னால் ‘டிராப் இட்’. இன்னும் தொடாததைத் தொடாதே என்றால் ‘லீவ் இட்’. அகராதியில் தேடினாலும் இவ்வளவு பளிச்சென்று விளங்காது.

இரட்டைக் கதவு ரகசியம்

உள்ளே போகத் தைரியம் வந்துவிட்டதா? டாக் பார்க்குகளுக்குப் பெரும்பாலும் இரட்டைக் கதவு இருக்கும். முதல் கதவைத் திறந்து நுழைந்து அதைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். இடையில் இருக்கும் சின்னக் கூண்டு போன்ற இடத்தில்தான் நாயின் லீஷைக் கழற்றுவார்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், பாய்ந்து வெளியே ஓடும் நாய் நேரே சாலையில் போய் நிற்கும். ‘கேட்!’ என்று யாராவது உரக்கக் கத்தினால் அது திட்டு அல்ல. ‘கதவைச் சாத்துங்கள்’ என்று அர்த்தம். ‘ஸாரி’ சொல்லிவிட்டுச் சாத்தினால் போதும், யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாசலில் விதிப் பலகை ஒன்று இருக்கும். பொறுமையாக நின்று படிக்கலாம், அதுவும் ஒரு பாடம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் சாரம் ஒன்றுதான்: நாயின் கழிவை அதன் சொந்தக்காரரே பையில் எடுக்க வேண்டும், முரட்டு நாயை உடனே வெளியே கொண்டுபோக வேண்டும், நாயை விட்டுவிட்டு ஆள் நகரக் கூடாது. பல பூங்காக்களில் சின்ன நாய்களுக்குத் தனிப் பகுதி உண்டு. புதியவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது. சில இடங்களில் சிறு குழந்தைகளை அனுமதிப்பதில்லை. பேரனை அழைத்துப் போவதாக இருந்தால் முதலில் பலகையைப் பார்த்துவிட வேண்டும்.

பலகையில் இல்லாத சில விஷயங்கள் நம்மவர்களுக்கு மட்டும். புடவை கட்டியிருந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். காற்றில் ஆடும் துணி நாய்க்குட்டிக்கு விளையாட்டுப் பொருள். கையில் முறுக்கோ பிஸ்கட்டோ வேண்டாம். நாய் ஓடி வந்தால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள். கையை மடக்கிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, மரம்போல் நின்றால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். யாராவது ஏதாவது கேட்டால் நம்மூர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். அது ஆமாமா, இல்லையா என்று அவர்களுக்குப் புரியாது. வாய் திறந்து ‘யெஸ்’ என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்து கேள்வி போதும்

டாக் பார்க் உரையாடலுக்கு மொத்தமே ஐந்து கேள்விகள்தான். தினமும், ஒவ்வொருவரும், இவற்றையேதான் கேட்கிறார்கள்.

‘பாய் ஆர் கேர்ள்?’ ஆணா, பெண்ணா?

‘வாட்ஸ் ஹிஸ் நேம்?’ பெயர் என்ன?

‘ஹவ் ஓல்ட் ஈஸ் ஹி?’ வயது என்ன?

‘வாட் கைண்ட் ஆஃப் டாக் ஈஸ் ஹி?’ என்ன இனம்?

‘கேன் ஐ பெட் ஹிம்?’ தடவிக்கொடுக்கலாமா?

பெண் நாயாக இருந்தால் ‘ஹிஸ்’ஸும் ‘ஹிம்’மும் ‘ஹெர்’ ஆகும், ‘ஹி’ என்பது ‘ஷி’ ஆகும். இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். ‘ஈஸ் இட் குட்?’ என்று அஃறிணையில் கேட்டுவிடுவார்கள். தன் நாயை ‘இட்’ என்று சொன்னால் சிலருக்கு முகம் கொஞ்சம் சுருங்கும். ‘ஷி’ என்று சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். நமக்கு இது அந்நியமே அல்ல. வீட்டில் வளரும் நாயை ‘அவன் சாப்பிட்டானா?’ என்றுதான் நாமும் கேட்கிறோம். மகிழ்ச்சியில் பேசும்போது அஃறிணை உயர்திணையாவது இயல்புதான் என்று நன்னூலில் பவணந்தி முனிவரே அனுமதி கொடுத்திருக்கிறார். அதையே ஆங்கிலத்திலும் செய்தால் சரியாகிவிடும்.

‘என்ன இனம்?’ என்ற கேள்விக்குப் பலரும் சொல்கிற பதில், ‘ஷி’ஸ் எ ரெஸ்க்யூ’. அது ஓர் இனத்தின் பெயர் அல்ல. கைவிடப்பட்ட நாய்களின் காப்பகத்திலிருந்து எடுத்து வந்து வளர்க்கிறோம் என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். அந்த நேரத்தில் ‘ஓ! வேர் ஃப்ரம்?’ என்று இரண்டே சொல் சேர்த்துப் பாருங்கள். எந்தக் காப்பகம், வந்த புதிதில் எப்படிக் கட்டிலுக்கடியில் ஒளிந்தது, எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தது என்று முழுக் கதையும் வரும். அதில் பாதி புரிந்தாலும் வெற்றிதான். நடுநடுவே ‘ஓ’, ‘ரியலி?’, ‘பாவம்’ என்ற பொருளில் ‘புவர் திங்’ சொன்னால் போதும்.

பழகாத இருவருக்கு நடுவே நாய் வந்தால் பேச்சு எளிதாகிறது என்பதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் மெக்நிக்கலஸ், காலிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே ஆள் நாயோடு நடந்தபோது முன்பின் தெரியாதவர்கள் வந்து பேசியது பலமடங்கு கூடியது. அவர் நேர்த்தியாக உடுத்தியிருந்தாரா, கசங்கிய உடையில் இருந்தாரா என்பதைவிட, பக்கத்தில் நாய் இருந்ததா என்பதே பெரிய வித்தியாசமாக இருந்தது.

இதன் காரணம் டாக் பார்க் பெஞ்சில் உட்கார்ந்தால் புரியும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேச வேண்டியதில்லை. இருவர் கண்ணும் நாய் மேல் இருக்கிறது. தேடும் சொல் வராமல் பேச்சு நின்றுபோனால் அந்த இடைவெளியை நாய் நிரப்பிவிடும். பந்தைக் கவ்விக்கொண்டு வரும், தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கும், எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குள் சொல் நினைவுக்கு வந்துவிடும். கடை கவுன்டரிலோ டாக்டர் அறையிலோ இந்த அவகாசம் கிடைக்காது. அங்கே பின்னால் வரிசை நிற்கும்.

இலக்கணம் முறையாகப் படிக்க வேண்டும் என்பவர்களுக்கு அதே ஊரில் பெர்க்லி அடல்ட் ஸ்கூல் இருக்கிறது. வேறு நாட்டிலிருந்து வந்த பெரியவர்களுக்கு அங்கே ஆங்கில வகுப்புகள் நடக்கின்றன. காலையில் அங்கே படித்ததை மாலையில் பூங்காவில் பேசிப் பார்க்கலாம்.

கடலோரத்தில் மேல் வகுப்பு

ஓலோனியில் கொஞ்சம் பேசப் பழகியவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடம், காரில் கால் மணி நேரத்தில் இருக்கும் பாயின்ட் இஸபெல். ரிச்மண்ட் நகரில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையிலேயே அமைந்த பெரிய பூங்கா. இங்கே சின்ன வேலிக்குள் அடைபட வேண்டியதில்லை. கரையோரப் பாதையில் மனிதர்கள் நடக்க, நாய்கள் லீஷ் இல்லாமல் கூடவே ஓடிவருகின்றன. நடுவில் ஒரு கால்வாய். பந்தை எறிந்தால் நீந்திப் போய் எடுத்து வரும் நாய்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். வானம் தெளிந்த நாளில் தண்ணீருக்கு அப்பால் கோல்டன் கேட் பாலம் தெரியும். நாயைக் குளிப்பாட்டத் தொட்டிகள் வைத்த கடை ஒன்றும், கூடவே ஒரு சிற்றுண்டிக் கடையும் உண்டு. குளிர்காற்று வீசும் இடம், ஸ்வெட்டரை மறக்கக் கூடாது.

இங்கே கேள்விகள் கொஞ்சம் நீளும். நடந்துகொண்டே பேசுகிறவர்கள் நம்மைப் பற்றியும் கேட்பார்கள். ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ எந்த ஊர் என்றால் மதுரை, திருநெல்வேலி என்று ஊர்ப் பெயரையே சொல்லலாம், பிறகு விளக்கலாம். ‘டு யூ ஹேவ் டாக்ஸ் பேக் ஹோம்?’ ஊரில் நாய் வளர்க்கிறீர்களா? இதற்குப் பலரிடமும் பதில் இருக்கும். சொந்தம் என்று வளர்க்காவிட்டாலும், தெருமுனையில் மீந்த சோற்றுக்குக் காத்திருந்து, நம் காலடிச் சத்தம் கேட்டு ஓடிவந்த ஒரு மணியோ கருப்பனோ இருந்திருக்கும். அதைச் சொல்லத் தெரிந்த ஆங்கிலம் போதாமல் கையும் முகமும் சேர்ந்து பேசும். கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

பாடத்தில் இல்லாத வாக்கியம்

டாக் பார்க் நட்பில் ஒரு வேடிக்கை உண்டு. மாதக்கணக்கில் பேசிப் பழகியவரின் பெயர் தெரியாது, நாயின் பெயர்தான் தெரியும். ‘பிரௌனியோட அம்மா’, ‘மேக்ஸோட தாத்தா’ என்றுதான் மனதில் பதிந்திருப்பார்கள். நம்மூரில் ‘ராஜியோட அம்மா’ என்று பிள்ளை பெயரை வைத்து அடையாளம் சொல்வோமே, அதேதான்.

ஆனால், நாயின் ஆயுள் பத்துப் பதினைந்து வருடம்தான். பெரிய இனங்களுக்கு அதுவும் இல்லை. தினமும் பழகிய ஒருவர் நான்கைந்து நாள் வராமல் இருந்து, ஒருநாள் தனியாக வருவார். கையில் லீஷ் இருக்காது. வழக்கம்போல ‘வேர் ஈஸ் மேக்ஸ்?’ என்று கேட்டுவிட்ட பிறகுதான் அவர் முகம் தெரியும். ஐந்து கேள்விகளில் எதுவும் அப்போது உதவாது. ‘ஐ’ம் ஸோ ஸாரி’ என்பதுதான் வாக்கியம். கதவைத் திறந்து வைத்ததற்குச் சொன்ன அதே ‘ஸாரி’ இங்கே மன்னிப்பு அல்ல, உங்கள் துக்கத்தில் பங்கெடுக்கிறேன் என்று பொருள். அதற்குமேல் பேச வேண்டும் என்றால், ‘ஹி வாஸ் எ குட் பாய்’. நாய்க்கு முன்னால் நூறு முறை கேட்ட அதே ‘குட் பாய்’தான், ‘ஈஸ்’ மட்டும் ‘வாஸ்’ ஆகியிருக்கும். இறந்த காலம் இலக்கணப் புத்தகத்தில் பத்துப் பக்கம். இங்கே அது ஒரு சொல்.

இதைச் சொல்ல முடிந்தவருக்கு இனி ஆங்கிலம் பேச வராது என்று யாரும் சொல்ல முடியாது.

விசிட்டர் விசாவில் வருகிறவர்களுக்குப் பொதுவாகத் தரப்படுவது ஆறு மாதம். அது முடிவதற்குள், ஜலதோஷத்தில் இரண்டு நாள் பூங்காவுக்குப் போகாமல் இருந்து மூன்றாம் நாள் போனால், பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: ‘ஹே! வேர் வேர் யூ? வி மிஸ்ட் யூ!’ எங்கே காணோம், தேடினோமே என்கிறார்கள். கூடவே பிரௌனி ஓடிவந்து செருப்பை மோந்து பார்க்கும். பயப்படத் தோன்றாது. ‘ஐ ஹேட் எ கோல்ட்’ என்று, யோசிக்காமலே, பதில் வந்துவிடும்.